நுண்பாசிக்கு உரம் கூட்டினால் நிறம் கூடுமா?

நுண்பாசி வளரும் நீரில் உரத்தைக் கூட்டினால் பாசி அதிகமாக வளரும் என்றும், பாசி அதிகமாக வளர்ந்தால் அதிலிருந்து கிடைக்கும் நிறமியும் அதிகமாகும் என்றும் எண்ணுவது இயல்பு. இவற்றுள் முதல் கூற்று ஓர் எல்லை வரையில் மட்டுமே உண்மை. இரண்டாவது கூற்று, எந்த நிறமியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து உண்மையாகவும் இருக்கலாம், அதற்கு நேர் எதிராகவும் இருக்கலாம். பினாங்கில் அறிவியல் விழாவுக்காகப் பாசி வளர்க்கும் ஆறாம் படிவ மாணவர்களின் அறிக்கைகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதைப் பார்க்கிறேன். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை செய்யும் நண்பர்களும் இதே ஐயத்தைத்தான் எழுப்புகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து, வேதியியலில் பெரிய பழக்கம் இல்லாதவரும் பின்தொடரும் வகையில் இதை விளக்க முயல்கிறேன்.

நுண்பாசி என்பது நுண்பெருக்காடியின் வழியே மட்டும் தனித்தனியாகக் காணக்கூடிய, பெரும்பாலும் ஒரே உயிரணுவால் ஆன, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரினம். டச்சு நுண்ணுயிரியலாளர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் 1890-இல் தனித்துப் பிரித்தெடுத்து வளர்த்த குளோரெல்லா இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கப்படும் ஸ்பைருலினா, உயிரியல் வகைப்பாட்டின்படி பாசியன்று, நீலப்பச்சை நுண்ணுயிரி. ஆயினும் வளர்ப்பவர்கள் அதையும் நுண்பாசிகளோடு சேர்த்தே பேசுவதால் நானும் அவ்வாறே செய்கிறேன். இறால் குஞ்சுகளின் முதல் உணவான டயட்டம், செந்நிற நிறமி தரும் ஹீமட்டோகாக்கஸ், உப்பு நீரில் வாழும் டுனாலியல்லா ஆகியவையும் இக்கட்டுரையில் வரும்.

உலர்ந்த நுண்பாசியின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அதனால்தான் 1 கிலோ உலர் பாசி உருவாவதற்குச் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு தேவைப்படுகிறது. நைட்ரஜன் பெரும்பாலும் 7 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். பாஸ்பரஸ் 1 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். மக்னீசியம், பொட்டாசியம், கந்தகம் ஆகியவை சிறிய அளவிலும், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், மாலிப்டினம் போன்றவை மிகமிகச் சிறிய அளவிலும் வேண்டும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் சராசரியாக 106-க்கு 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. 1934-இல் இந்த ஒழுங்கைச் சுட்டிக்காட்டிய அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் பெயரால் இது ரெட்ஃபீல்டு விகிதம் எனப்படுகிறது. எல்லாப் பாசிக்கும் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் சட்டமாக இதைக் கொள்ளக்கூடாது. எனினும் ஓர் உரக்கலவையைப் பார்த்தவுடன் அதில் எந்தச் சத்து முதலில் தீர்ந்துபோகும் என்று கணிப்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை.

முதலில் தீர்ந்துபோகும் சத்து எது என்பதே வளர்ச்சியின் எல்லையை வகுக்கிறது. மற்றச் சத்துகள் எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், குறைந்துபோன அந்த ஒன்று வரும்வரை உயிரணுவால் தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ள இயலாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குளோரெல்லா வளர்ப்பதற்குப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவலாகப் பயன்படும் போல்டு அடிப்படை ஊடகத்தில் (ஊடகம் என்பது சத்துகளைக் கலந்து தயாரித்த வளர்ப்பு நீர்) ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட் சேர்க்கப்படுகிறது. சோடியம் நைட்ரேட்டின் எடையில் சுமார் 16.5 விழுக்காடுதான் நைட்ரஜன். ஆகவே கிடைப்பது 41 மில்லிகிராம். பாசியின் உலர் எடையில் 8 விழுக்காடு நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு லிட்டரில் நன்கு ஊட்டம் பெற்ற பாசி ஏறத்தாழ அரை கிராம் அளவுக்குத்தான் விளைய முடியும். அதே ஊடகத்தில் இருக்கும் இரண்டு பாஸ்பேட் உப்புகளையும் கணக்கிட்டால் பாஸ்பரஸ் 53 மில்லிகிராம் வருகிறது. 1 விழுக்காடு போதும் என்ற கணக்கில் இது 5 கிராம் பாசிக்குப் போதுமானது. அதாவது நைட்ரஜன் தீர்ந்த பிறகும் பாஸ்பரஸில் பெரும்பகுதி நீரிலேயே எஞ்சியிருக்கும். இந்த ஊடகத்தில் பாஸ்பேட்டை இரட்டிப்பாக்கிவிட்டு, வளர்ச்சியில் மாற்றம் இல்லை என்று கண்டு, பாஸ்பரஸ் பாசிக்கு முக்கியமன்று என்று முடிவெழுதினால், சோதனை சரியாக நடந்திருந்தாலும் முடிவு பிழையாகிவிடும். அந்தச் சோதனை காட்டுவது, பாஸ்பரஸ் அங்கே தட்டுப்பாடாக இல்லை என்பதை மட்டுமே.

தோட்டங்களோடு தொடர்புள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருப்பதால், செம்பனைக்கும் பழ மரங்களுக்கும் போடும் நீல உரத்தைப் பாசிக்கும் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மூட்டையின் மேல் 12-12-17-2 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜன். இரண்டாம் எண் பாஸ்பரஸ் அன்று, பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற வடிவத்தில் கணக்கிடப்பட்ட அளவு. உண்மையான பாஸ்பரஸ் அதில் 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். மூன்றாவது பொட்டாசியம் ஆக்சைடு, நான்காவது மக்னீசியம் ஆக்சைடு. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள எடை விகிதம் இங்கே சுமார் 2.3-க்கு 1, ரெட்ஃபீல்டு விகிதத்தை எடைக்கு மாற்றினால் 7.2-க்கு 1 வரும். ஆகவே இந்த உரத்தை மட்டும் நம்பி வளர்க்கும் பாசியில் நைட்ரஜன் முதலில் தீரும். அதோடு, குருணை உரத்தில் கரையாத பொருள்களும் இருப்பதால் நீர் கலங்கிவிடும்; கலங்கிய நீரில் ஒளி புகாது, வளர்ச்சியை அளப்பதும் கடினமாகும். குளத்துக்கு அது ஏற்கக்கூடியதாக இருக்கலாம், ஆனால் முடிவை எண்ணால் சொல்ல வேண்டிய சோதனைக்கு அது ஏற்றதன்று என்பது என் கருத்து.

நைட்ரஜன் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பதும் அளவுக்கு நிகராக முக்கியமானது. நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும் பாசி, அதைப் புரதம் கட்டப் பயன்படுத்துமுன் அம்மோனியமாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு நைட்ரேட்டுக்கும் எட்டு எலக்ட்ரான்களைச் செலவிட வேண்டும், அதற்கான நொதிகளுக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். அம்மோனியமாகவே கொடுத்தால் இந்தச் செலவு மிச்சம். அதனால்தான் இரண்டும் கலந்திருக்கும்போது பெரும்பாலான நுண்பாசிகள் முதலில் அம்மோனியத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அம்மோனியத்தை எடுக்கும் பாசி நீரை அமிலத்தன்மை நோக்கித் தள்ளுகிறது. நைட்ரேட்டை எடுக்கும் பாசி காரத்தன்மை நோக்கித் தள்ளுகிறது. அதற்கு மேல், நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9-ஐத் தாண்டும்போது அம்மோனியத்தில் பாதியளவு அம்மோனியா வாயுவாக மாறி உயிரணுக்களுக்கு நஞ்சாகிறது. பிஎச் 7-இல் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 9-க்கு மேல் நன்றாக வளரும் ஸ்பைருலினாவின் தொட்டியில் அம்மோனிய உரத்தை ஒரேயடியாகக் கொட்டுவது ஏன் ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். யூரியா விலை குறைவானது, பல பாசிகள் அதை ஏற்கின்றன. எனினும் அதுவும் உடைந்து அம்மோனியமாவதால், சிறிது சிறிதாகக் கொடுப்பதே பாதுகாப்பானது.

இனி நிறமிகளுக்கு வருவோம். நுண்பாசியின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் ஒரு மூலக்கூறில் 55 கார்பன் அணுக்கள், 72 ஹைட்ரஜன் அணுக்கள், 5 ஆக்சிஜன் அணுக்களோடு 4 நைட்ரஜன் அணுக்களும், நடுவே ஒரு மக்னீசியம் அணுவும் உள்ளன. பச்சையம் தனித்து மிதப்பதில்லை. புரதங்களோடு கோக்கப்பட்டே ஒளியைப் பிடிக்கிறது, அந்தப் புரதங்களுக்கும் நைட்ரஜன் வேண்டும். ஸ்பைருலினாவின் நீல நிறமியான பைகோசயனினோ ஏறக்குறைய முழுவதும் புரதமே. நைட்ரஜன் தட்டுப்பாடு வரும்போது அந்த உயிரணு தன் பைகோசயனினை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை எடுத்து மற்ற வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. நல்ல காலத்தில் ஒளியைப் பிடிக்கும் கருவி, பஞ்ச காலத்தில் சேமிப்புக் கிடங்காகிறது. நீலப்பச்சையாக இருந்த தொட்டி சில நாள்களில் மஞ்சள் கலந்த பச்சையாக வெளிறுவதன் காரணம் இதுதான். உயிரணுக்கள் இறந்துவிட்டன என்று கருதி அதைக் கொட்டிவிட வேண்டியதில்லை. நைட்ரேட்டை மீண்டும் கொடுத்தால் நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் இதற்கு இணையான காட்சி ஒன்று உண்டு. மக்னீசியம் குறைந்த மண்ணில் நிற்கும் மரத்தின் மூத்த மட்டைகள் ஆரஞ்சு நிறமாக மாறும். ஆனால் மேலே உள்ள மட்டையின் நிழல் விழும் ஓலைகள் மட்டும் பச்சையாகவே இருக்கும். மரம் தன் இளங்குருத்துக்காக மூத்த மட்டையிலிருந்து மக்னீசியத்தை எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு பாதி. சத்துக்குறைவும் கடும் வெயிலும் சேர்ந்தால்தான் பச்சை அவ்வளவு விரைவில் அழியும் என்பது மறு பாதி. நுண்பாசியிலும் சத்தையும் ஒளியையும் தனித்தனியே பிரித்துப் பேச முடியாது.

செம்மஞ்சள், சிவப்பு நிறமிகளின் கதை வேறு. பீட்டா கரோட்டின் மூலக்கூறில் 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே உள்ளன. இறாலுக்கும் சால்மன் மீனுக்கும் செந்நிறம் தரும் அஸ்டாக்சாந்தினில் இவற்றோடு ஒத்த கட்டமைப்பும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. இரண்டிலும் நைட்ரஜன் இல்லை. நைட்ரஜன் தீர்ந்துவிட்ட உயிரணுவின் நிலையை எண்ணிப் பாருங்கள்: புதிய புரதம் கட்ட முடியாது, பிரியவும் முடியாது, ஆனால் வெயில் மட்டும் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது. பிடிக்கப்பட்ட ஒளியாற்றலைச் செலவிட வழியில்லாதபோது, உயிரணுவுக்குள் அதைச் சிதைக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவங்கள் தோன்றுகின்றன. கார்பனோ தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே அது மாவுச்சத்தையும் எண்ணெயையும் சேர்த்துவைக்கிறது. டுனாலியல்லாவும் ஹீமட்டோகாக்கஸும் அந்த எண்ணெய்த் துளிகளில் கரோட்டினாய்டுகள் எனப்படும் இவ்வகை நிறமிகளை நிரப்பிக்கொள்கின்றன. நிறமி அங்கே வெயிலைத் தடுக்கும் திரையாகவும், சிதைக்கும் ஆக்சிஜனை அடக்கும் பொருளாகவும் பயன்படுகிறது. உகந்த நெருக்கடியில் டுனாலியல்லாவின் உலர் எடையில் 10 விழுக்காடு வரையிலும், ஹீமட்டோகாக்கஸின் உலர் எடையில் 4 விழுக்காடு வரையிலும் இந்த நிறமிகள் சேர்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் ஏரி இளஞ்சிவப்பாகத் தோன்றுவதற்கு டுனாலியல்லா முக்கியக் காரணம். பீட்டா கரோட்டினுக்காக அங்கே அதை வளர்க்கிறார்கள்.

இங்கேதான் வளர்ப்பவருக்கு முரண்பாடு எழுகிறது. எந்தப் பட்டினி ஒவ்வோர் உயிரணுவையும் சிவக்கச் செய்கிறதோ, அதே பட்டினி புதிய உயிரணுக்கள் உருவாவதை நிறுத்திவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே நைட்ரஜனைக் குறைத்து வளர்த்தால் செக்கச்செவேலென்ற பாசி கிடைக்கும், ஆனால் கையளவுதான் கிடைக்கும். நைட்ரஜனைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் தொட்டி நிறையப் பச்சைப் பாசி கிடைக்கும், சிவப்பு இருக்காது. ஆகவே வணிக வளர்ப்பில் வேலையை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள்: முதற்கட்டத்தில் சத்தை நிறையக் கொடுத்து, மிதமான ஒளியில் உயிரணுக்களைப் பெருக்குகிறார்கள், பிறகு நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாத நீருக்கு மாற்றி, கடும் ஒளியில் நிறுத்திச் சிவக்க வைக்கிறார்கள். பினாங்கின் வெயில் இரண்டாம் கட்டத்துக்கு ஏற்றதே. ஆனால் ஹீமட்டோகாக்கஸ் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெருகுவதை நிறுத்திக் கூடு கட்டி அடங்கிவிடும் இயல்புடையது. நம் ஊரின் பிற்பகல் வெப்பம் அந்த அளவைத் தொடுவதால், குளிர்ச்சிக்கு ஏற்பாடு செய்யாமல் திறந்த வெளியில் முதற்கட்டத்தை நடத்துவது எளிதன்று.

இதுவரை சொன்னதைக் கொண்டு, நைட்ரஜன் உள்ள நிறமி உரத்தால் கூடும், நைட்ரஜன் இல்லாத நிறமி பட்டினியால் கூடும் என்று ஒரு விதி செய்துகொள்ளத் தோன்றும். பல விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன, நிற்கக்கூடாது. குளோரெல்லாவில் உள்ள லூட்டின் என்ற மஞ்சள் நிறமியிலும், டயட்டங்களுக்குப் பழுப்பு நிறம் தரும் ஃபூகோசாந்தினிலும் நைட்ரஜன் அணு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நைட்ரஜன் தீரும்போது இவை பொதுவாகக் குறைகின்றன. காரணம், இவை எண்ணெய்த் துளிகளில் தனித்து இருப்பவை அல்ல. பச்சையத்தோடு சேர்ந்து ஒளி பிடிக்கும் புரதங்களில் பொருந்தி வேலை செய்பவை. புரதம் கரையும்போது அதில் பொருந்திய நிறமியும் கரைகிறது. எனவே ஒரு நிறமியைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான கேள்வி, அதன் மூலக்கூறில் என்ன இருக்கிறது என்பதைவிட, உயிரணுவுக்குள் அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதே. ஒளி பிடிக்கும் அமைப்பின் உறுப்பாக இருக்கும் நிறமி, பச்சையமானாலும் பைகோசயனினானாலும் லூட்டினானாலும் ஃபூகோசாந்தினானாலும், சத்து நிறைந்த நீரையும் மட்டான ஒளியையும் நாடும். அந்த அமைப்புக்கு வெளியே காப்பாகச் சேரும் நிறமி, சத்துக் குறைவையும் மிகுந்த ஒளியையும் நாடும்.

மற்றச் சத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாஸ்பரஸ் மரபணுப் பொருளுக்கும் ஆற்றல் பரிமாற்றத்துக்கும் உயிரணுச் சவ்வுகளுக்கும் வேண்டும். பாசி அதைத் தேவைக்கு மேல் உறிஞ்சிச் சங்கிலிப் பாஸ்பேட்டாகச் சேமித்துக்கொள்வதால், நீரில் பாஸ்பரஸ் தீர்ந்த பின்னும் சில தலைமுறைகள் வளர்ச்சி தொடரும். விளைவு தாமதமாகவே தெரியும். பச்சைய மூலக்கூறில் இரும்பு இல்லை என்றாலும், அதைக் கட்டும் வழியிலும் ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் ஓட்டத்திலும் இரும்பு இன்றியமையாதது. இரும்பு குறைந்தால் பாசி வெளிறும். நீரில் இரும்பு துருவாகப் படிந்துவிடாமல் இருக்கவே இடிடிஏ என்ற பிணைப்புப் பொருளை ஊடகத்தில் சேர்க்கிறார்கள். டயட்டங்களின் கூடு சிலிக்காவால் ஆனது. ஆகவே பொரிப்பகங்களில் கீட்டோசெரஸ் என்ற டயட்டத்தை வளர்ப்பவர், கடல் பாசிகளுக்கான எஃப்/2 ஊடகத்தில் சிலிக்கேட்டைச் சேர்க்க மறந்தால், நைட்ரேட் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அளவிடும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல சோதனைகள் தவறான முடிவில் போய் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். நிறமி கூடியது என்று எழுதும்போது, ஒரு லிட்டர் நீருக்குக் கூடியதா, ஒரு கிராம் உலர் எடைக்குக் கூடியதா, ஓர் உயிரணுவுக்குக் கூடியதா என்று சொல்லியாக வேண்டும். உரம் சேர்த்த குடுவையில் உயிரணுக்கள் இரு மடங்காகி, ஒவ்வொன்றிலும் உள்ள பச்சையம் மாறாமலே இருந்தால், லிட்டர் கணக்கில் பச்சையம் இரு மடங்காகும்; உயிரணுக் கணக்கில் ஒன்றும் மாறியிருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பாசி அடர்ந்து வளர்ந்த குடுவையில் ஓர் உயிரணுவின் நிழல் மற்றொன்றின் மேல் விழுவதால், உள்ளே ஒளி குறைகிறது. குறைந்த ஒளிக்கு ஈடுகொடுக்க ஒவ்வோர் உயிரணுவும் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கரும்பச்சை உரத்தால் வந்ததா, நிழலால் வந்ததா என்பதை ஒரே அடர்த்தியுள்ள இரு குடுவைகளை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். வளர்ச்சியை, நீர் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் பார்ப்பவர்கள் 680 நானோமீட்டர் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்தால், பச்சையமே அந்த ஒளியை விழுங்குகிறது. நைட்ரஜன் தீர்ந்து பச்சையம் குறையும் நாள்களில் மாவுச்சத்தும் எண்ணெயும் சேர்ந்து உலர் எடை கூடிக்கொண்டிருந்தாலும், கருவியின் எண் வளர்ச்சி நின்றதுபோல் காட்டும். 750 நானோமீட்டரில் பச்சையத்தின் குறுக்கீடு மிகவும் குறைவு. வடிகட்டி உலர்த்தி எடை போடுவது இன்னும் நம்பகமானது. வளர்ச்சி வேகத்தை, உயிரணுக்கள் தொடர்ந்து இரட்டிப்பாகும் நாள்களில் மட்டும் கணக்கிட வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1 லட்சமாக இருந்தது மூன்று நாளில் 8 லட்சமானால், நாளுக்கு ஒரு முறை இரட்டித்திருக்கிறது என்று பொருள்.

நம் நாட்டில் இந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பாசி ஆய்வாளர்கள் செம்பனை எண்ணெய் ஆலை, ரப்பர் ஆலை, சாகோ மாவு ஆலை ஆகியவற்றின் கழிவு நீரில் குளோரெல்லாவையும் ஸ்பைருலினாவையும் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆற்றில் கலந்தால் கேடு செய்யும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பாசியின் உடலாக மாற்றிவிடலாம் என்பது இதன் அடிப்படை. இது மிகவும் மதிக்கத்தக்க முயற்சி என்று நான் கருதுகிறேன். அதே வேளையில், செம்பனை ஆலைக் கழிவு நீரின் கரும்பழுப்பு நிறம் ஒளியை மறைக்கிறது, அதன் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியமாக இருக்கக்கூடும் என்ற இரண்டையும் மறக்கக்கூடாது. நீர்த்துப் பயன்படுத்தும்போது ஒளி கூடுகிறது, சத்துக் குறைகிறது. எந்த அளவு நீர்ப்பில் இரண்டும் போதுமானதாக இருக்கும் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

உங்களிடம் இருக்கும் பாசிக்கு எது தட்டுப்பாடு என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வளர்ச்சி நின்று வெளிறிய ஒரு குளோரெல்லா வளர்ப்பை எடுத்து, நன்றாகக் கலக்கி, ஐந்து குடுவைகளில் சம அளவில் ஊற்றுங்கள். முதற்குடுவையில் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் நைட்ரேட், மூன்றாவதில் பாஸ்பேட், நான்காவதில் இடிடிஏ சேர்த்த இரும்பு, ஐந்தாவதில் மூன்றும் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒளி, ஒரே காற்றோட்டம் இருக்கட்டும். கண்ணாடி ஜன்னலின் நேர்வெயில் குடுவையைச் சூடாக்கிவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். இரண்டு மூன்று நாள்களில் நைட்ரேட் குடுவையும் ஐந்தாம் குடுவையும் மட்டும் பச்சையானால் தட்டுப்பாடு நைட்ரஜனே. நைட்ரேட் குடுவை சற்றே பச்சையாகி நின்றுவிட, ஐந்தாம் குடுவை மட்டும் தொடர்ந்து வளர்ந்தால், நைட்ரஜனுக்கு அடுத்த நிலையில் பாஸ்பரஸோ இரும்போ குறுக்கே நிற்கிறது. ஐந்தும் மாறாமல் இருந்தால் உரத்தைத் தொடாமல், ஒளியையும் காற்றோட்டத்தையும் முதலில் கவனியுங்கள்; அங்கும் குறை தெரியாவிட்டால், வேறு நுண்சத்து ஏதேனும் குறைந்திருக்கிறதா என்று அதே முறையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.